ஒருநாள் ஓட்டிப் பார்க்காமல் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தா?

கேள்வி: திருப்பூரில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேனுங்க. வாரத்தில் மூன்று நாள் ஆர்டர் தரும் பையரைப் பார்க்கவோ ஏர்போர்ட்டுக்கோ கோவை போய் வர வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கோத்தகிரி. அறுபது லட்சம் சுற்றில் ஒரு சொகுசு எலெக்ட்ரிக் காரை மூன்று வருஷ லீஸில் எடுக்கச் சொல்கிறார் ஆடிட்டர். அவிநாசி ரோட்டு ஷோரூமில் இருபது நிமிஷம் ஓட்டக் கொடுத்தார்கள். வண்டி பறக்குதுங்க. கையெழுத்துப் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பறக்கத்தான் செய்யும். இந்த விலையில் பறக்காத மின்கார் எதுவும் கிடையாது, அதைத் தெரிந்துகொள்ள இருபது நிமிஷம்கூட வேண்டாம். உங்களை எங்கே ஓட்டச் சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரியும்: உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்துக்கு 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம். குழி கிடையாது, சிக்னல் கிடையாது, எதிரே வரும் டிவிஎஸ் எக்ஸெல் கிடையாது. அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

லீஸில், அதாவது மாத வாடகைக்கு, வண்டி எடுப்பவர் டெஸ்ட் டிரைவில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. லீஸ் ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண் எழுதுவார்கள். அந்த எண் உங்கள் ஓட்டத்துக்குச் சரியா, அந்த ஓட்டத்துக்கு இந்த வண்டி சரியா என்பதுதான் கேள்வி. ஆகவே ஒரு முழு நாள் வண்டியைக் கேளுங்கள். அறுபது லட்சத்து வியாபாரத்தை அவர்கள் அவ்வளவு சுலபமாக விட மாட்டார்கள். சேல்ஸ் தம்பியும் கூட வருவார், வரட்டும்.

காலையில் கிளம்பும்போது மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓடோமீட்டர், பேட்டரி சதவீதம், ஏசி எத்தனையில் இருக்கிறது. திரையில் 'இன்னும் இத்தனை கி.மீ. போகும்' என்று காட்டுவதைப் பார்க்காதீர்கள். அது முன்னால் ஓட்டியவரின் காலைப் பார்த்துச் சொல்லும் ஜோசியம். உதாரணமாக பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 நீள வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி கூடிய) வண்டியை எடுத்துக்கொள்வோம். பேட்டரி 66.4 யூனிட் கரண்ட் பிடிக்கும், கம்பெனி சொல்லும் தூரம் 531 கி.மீ. நீங்கள் குடும்பத்தோடு, ஏசி போட்டு, நெடுஞ்சாலையில் நூறில் போய், நூறு கி.மீ.க்கு 29 சதவீதம் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நூறு கி.மீ.க்கு 19 யூனிட் தின்கிறது. முழு சார்ஜிலிருந்து பத்து சதவீதம் வரை ஓட்டினால் 310 கி.மீ. உங்களுக்குச் சொந்தமான எண் இந்த 310தான். 531 சோதனைக்கூடத்து எண்.

திருப்பூர்-கோவை ஓட்டத்துக்கு 310 தாராளம், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை செருகினால் போதும். பார்க்க வேண்டியது கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற சுமார் 1,500 மீட்டர் உயரம். நான்கு பேரோடு வண்டியின் எடை இரண்டரை டன்னை நெருங்கும். அத்தனையையும் அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஏறக்குறைய 10 யூனிட் போகும். ரோட்டில் உருண்டு போகும் செலவு தனி. அன்னூர் தாண்டும்போது 80 சதவீதம் காட்டிய வண்டி குஞ்சப்பனைக்கு மேலே கிடுகிடுவென்று இறங்குவதைப் பார்த்துப் பயந்து போன் செய்கிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்ப வரும். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு அனுப்பும். ஆனால் ஒரு விஷயம். மலையில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்க பிரேக் மேல் விழும். எண்பதோடு இறங்குங்கள். டெஸ்ட் டிரைவ் அன்றைக்கும் மலை ஏறித்தான் பார்க்க வேண்டும். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், ஷோரூம் வண்டி நம்பருக்கு முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் பின் சீட்டில் உட்கார வையுங்கள். மின்காரில் பேட்டரி காலுக்குக் கீழே தட்டையாகப் படுத்திருக்கிறது. அதனால் பல வண்டிகளில் தரை உயர்ந்து, பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. கடைக்காரர் முன் சீட்டில்தான் உங்களை உட்கார வைத்தார், கவனித்தீர்களா? எண்பது வயது அப்புச்சி ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து 'பரவால்லே' என்றால் சரி. காலை எடுத்ததும் வண்டி தானே வேகம் குறையும் அந்த ஒற்றை மிதி ஓட்டம் பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டும். அதைக் குறைத்து வைக்க வழி இருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள்.

பிறகு தோட்டத்துக்கு ஓட்டிப் போங்கள். இட்டேரியில் (தோட்டத்துக்குப் போகும் மண் பாதை) நான்கு பேர் உட்கார்ந்து ஒரு முறை, ஊருக்குள் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடையில் ஒரு முறை. தாழ்ந்த செடான் என்றால் அடி உரசும் சத்தத்தை நீங்களே கேட்பீர்கள். உரசுவது பேட்டரியின் மேல் போட்ட கவசம், அதன் மேல் கீறல் விழுந்தால் லீஸ் முடிவில் கணக்கில் வரும். டிக்கியையும் திறந்து பாருங்கள். சொகுசு மின்கார் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட் ஒன்றுதான் இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் இப்படித்தான் ஒரு வண்டியை ஒருநாள் வாங்கி ஓட்டினேன். செங்கப்பள்ளி பக்கம் குழியில் விழுந்து டயரின் பக்கவாட்டு கிழிந்தது. கிட்டால் அடைக்க முடியாத கிழிசல். மூன்று மணி நேரம் டீக்கடையில். அதற்கு மேல், காலையில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவத்தில் டயரும் வீலும் ஓட்டுபவர் பொறுப்பு என்று இருந்தது. அந்த டீக்கு ஐந்து இலக்க விலை. டெஸ்ட் டிரைவ் படிவத்தையும் படியுங்கள். சேதம் ஆனால் உங்கள் பங்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்.

மாலையில் வீட்டில் செருகுங்கள், இதை விடவே கூடாது. மின்கார் சார்ஜர் எர்த்திங் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்த தோட்டத்து வீடுகளில் இது சகஜம். எர்த் குழிக்கு எத்தனை வருஷமாய்த் தண்ணீர் ஊற்றவில்லை என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். சிங்கிள் ஃபேஸில் 7.4 கிலோவாட் சார்ஜர் என்றால் 66 யூனிட் நிரம்ப ஒன்பது பத்து மணி நேரம், த்ரீ ஃபேஸில் 11 கிலோவாட் என்றால் ஆறேழு. கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் இரண்டாயிரம் கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 400 யூனிட், இரண்டு மாத பில்லில் 800 கூடும். வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் மாறிவிடும் என்பது ஈ.பி. பில் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பகலில் உங்கள் நிட்டிங் யூனிட்டிலேயே செருக முடியுமா, அங்கே சோலார் இருக்கிறதா என்பதைப் பொறுத்து உங்கள் செலவு வேறு மாதிரி இருக்கும்.

போகும் வழியில் ஒரு பொது சார்ஜரில் நீங்களே கையால் துப்பாக்கியை (காரில் செருகும் முனை) எடுத்துச் செருகிப் பாருங்கள், சேல்ஸ் தம்பியை விடாதீர்கள். 60 கிலோவாட் என்று போர்டு இருக்கும், இரண்டாவது வண்டி வந்து செருகினால் பல இடங்களில் ஆளுக்கு முப்பதுதான். எண்பது சதவீதத்துக்கு மேல் எந்த வண்டியும் மெதுவாகத்தான் ஏற்றும், அதற்கு மேல் காத்திருப்பது வீண்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். உங்கள் ஓட்டம்: கோவை போய் வர 90 கி.மீ., வாரம் மூன்று, வருஷத்துக்கு 14,000. கோத்தகிரி 2,200. உள்ளூர் ஒரு 6,000. மொத்தம் 22,000. மாத வாடகை குறைவாகத் தெரிய வேண்டும் என்று உங்களுக்கு 15,000 கி.மீ. திட்டத்தைக் காட்டியிருந்தால், மூன்று வருஷத்தில் 21,000 கி.மீ. அதிகம் ஓடியிருப்பீர்கள். கூடுதல் கி.மீ.க்கு 20 ரூபாய் என்று வைத்தால் 4.2 லட்சம் கடைசி நாளில் கேட்பார்கள். 22,000க்கே இப்போதே விலை கேளுங்கள்.

வாடகையை நீங்களே ஒரு பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். 60 லட்சம் வண்டி, மூன்று வருஷத்துக்குப் பின் 45 சதவீதம் அதாவது 27 லட்சம் மதிப்பு என்று வைத்தால், தேய்வது 33 லட்சம். 36ஆல் வகுத்தால் மாதம் 91,700. லீஸ் கம்பெனிக்கு இதில் சராசரியாக மாட்டிக்கொண்டிருக்கும் பணம் (60க்கும் 27க்கும் நடு) 43.5 லட்சம், அதற்குப் பத்து சதவீத வட்டி மாதம் 36,250. ஆக 1,28,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்தால் 1,34,000 சுற்று. இன்ஷூரன்சும் சர்வீஸும் இதற்கு மேலே. அவர்கள் சொல்லும் தொகை இதைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதற்குக் காரணம் கேளுங்கள். அந்த 27 லட்சம்தான் லீஸின் உயிர்நாடி. மூன்று வருஷம் கழித்து பழைய சொகுசு மின்காரை என்ன விலைக்கு விற்க முடியும் என்ற கவலை லீஸ் கம்பெனியுடையது. அந்தக் கவலையை அவர்கள் தலையில் வைப்பதற்காகத்தான் நான் மின்காருக்கு லீஸைச் சிபாரிசு செய்கிறேன், வரிக்காக அல்ல.

வரியைப் பற்றி ஆடிட்டரிடம் ஒன்று உறுதி செய்துகொள்ளுங்கள். லீஸ் வாடகையில் கட்டும் ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட் (அதை உங்கள் தொழில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) வரும் என்று ஷோரூமில் சொல்வார்கள். 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவில் அது தடை. டாக்ஸி, டிரைவிங் ஸ்கூல் போன்ற தொழிலுக்குத்தான் விலக்கு, நிட்டிங்குக்கு இல்லை. மின்காருக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் உண்டு, ஆனால் லீஸில் அது வண்டிக்குச் சொந்தக்காரரான லீஸ் கம்பெனிக்கு. உங்களுக்கு வாடகை செலவுக் கணக்கு. எட்டு வருஷம் ஒரே வண்டியை ஓட்டுகிற ஆள் நீங்கள் என்றால் வாங்குவதே மேல்.

ஆர்.சி.யில் லீஸ் என்று பதிவாகும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் லீஸ் வண்டிக்கு 'உரிமையாளர்' என்றால் வண்டியைக் கையில் வைத்திருப்பவர், அதாவது நீங்கள். அபராதம், இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு எல்லாம் உங்கள் தலையில். வேறு மாநில நம்பரில் வண்டி தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்தாக வேண்டும். திருப்பூர் நம்பரான டிஎன் 39 அல்லது 42 கேட்டு வாங்குங்கள். நடுவில் விட்டால் எத்தனை மாத வாடகை பிடிப்பார்கள், கடைசியில் எது 'சாதாரணத் தேய்வு', எது 'சேதம்' என்பதற்குப் படத்தோடு பட்டியல் இருக்கிறதா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். படம் இல்லை என்றால் வண்டி எடுக்கும் நாளன்றே நீங்களே சுற்றி வீடியோ எடுத்து அவர்களுக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: லீஸ் முடிந்தால் கட்டின பணம் திரும்ப வருமா என்று மாமனார் கேட்கிறார். வராது என்றால் 'அப்புறம் என்ன லீஸ்?' என்கிறார். என்ன பதில் சொல்வது?
— காங்கேயத்திலிருந்து ஒருவர்

பதில்: மாமனார் கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் வீட்டை 'லீசுக்கு' விடுவது என்றால் ஒத்தி: ஐந்து லட்சம் கொடுத்து மூன்று வருஷம் குடியிருந்து, போகும்போது ஐந்தையும் வாங்கிக்கொண்டு போவது. கார் லீஸ் அதே பெயரில் வந்த வேறு ஜீவன். இது மாத வாடகை, எதுவும் திரும்ப வராது. முதலில் வாங்கும் செக்யூரிட்டி டெபாசிட் மட்டும் சேதக் கழிவு போக வரும். 'வாடகைக் கார், டிரைவர் நானே' என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துவிடும்.

கேள்வி: டெஸ்ட் டிரைவ் ஒருநாள் வேண்டும் என்றால் ஒரு லட்சம் புக்கிங் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? கம்பெனி பெயரில் எடுத்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார்களே?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஓட்டிப் பார்க்கக் காசு கேட்பது கடையே உங்களைச் சோதிப்பது. கட்டாதீர்கள், லைசென்ஸ் நகல் போதும். கட்டியே ஆக வேண்டும் என்றால் 'வேண்டாம் என்றால் முழுதும் திருப்பித் தரப்படும், இத்தனை நாளுக்குள்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் சொன்னது போதாது. இரண்டாவது கேள்விக்கு: கம்பெனி பெயரில் வாங்கிய கார் இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு என்றால் அது வணிக நோக்கம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் கதவு அடியோடு மூடியில்லை. ஆனால் வண்டியை யார், எதற்கு ஓட்டினார்கள் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம், உங்களுக்கு ஈரோடு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் செய்து புகாரைப் பதிந்து வையுங்கள், புக்கிங் பணம் பாதி அங்கேயே திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், மீதிக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் பிடிக்கும்.