சைக்கிளில் வேலைக்கு: என்ன உடுத்தலாம்?

சைக்கிளில் வேலைக்குப் போகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், உடை தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய வட ஆற்காட்டுப் பகுதியின் வெயிலையும் ஐப்பசி மழையையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரியில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் சைக்கிளில் போகிறேன். போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பருத்திச் சட்டை போடுவதா, ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் வாங்குவதா?
– அரசு அலுவலர், காட்பாடி

துணியைப் பார்ப்பதற்கு முன் பையைப் பாருங்கள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு போனால் எந்தத் துணியும் நனையத்தான் செய்யும். பை காற்றை அடைத்துவிடுகிறது, அந்த இடத்து வியர்வை காய வழியில்லை. பின் கேரியரில் வைத்து, கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிறு இரண்டால் குறுக்காகக் கட்டுங்கள். முதுகு ஈரத்தில் பெரும்பங்கு அதிலேயே குறைந்துவிடும்.

அடுத்தது துணி. பருத்தி ஈரத்தை நாருக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் நார் ஈரத்தைக் குடிப்பதில்லை. நூல்களின் இடைவெளி வழியாக ஈரம் பரவி, மேற்பரப்பில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் காற்று வறண்டிருக்கும் நேரத்தில் மெல்லிய, தளர்வான பருத்தியே சுகம். நனைந்தாலும் காற்றுப் பட்டுக் காயும், காயும்போது உடம்பும் குளிரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது பருத்தி நனைந்தால் நனைந்தபடியே கிடக்கும், ஸ்போர்ட்ஸ் துணிதான் உதவும். அதற்கும் ஒரு குறை உண்டு. தோலின் எண்ணெயைப் பாலியஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதில் கிருமி வளர்ந்து, துவைத்த பிறகும் வாடை வரும். வீட்டுக்கு வந்ததும் சுருட்டி மூலையில் போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியும்படி உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் திரவங்களை அதற்குப் போட வேண்டாம், ஈரத்தைப் பரப்பும் குணம் கெட்டுவிடும்.

ஆனால் எங்கள் அழுத்தமான யோசனை வேறு: சைக்கிளில் போட்டுப் போகிற சட்டையோடு வேலை பார்க்காதீர்கள். திங்கட்கிழமை மூன்று சட்டைகளைக் கொண்டுபோய் அலுவலக அலமாரியில் மாட்டிவிட்டால் வாரத்தின் பாதி ஓடிவிடும். அலமாரி இல்லாதவர்கள் சட்டையைப் பையில் கசங்காமல் கொண்டுபோகலாம். மேல் பொத்தான், நடுவில் ஒன்று, கடைசிப் பொத்தான் ஆகியவற்றைப் போட்டுக் குப்புற விரியுங்கள். கைகளை முதுகுப் பக்கம் மடித்து, சுருட்டிய துண்டை நடுவில் வைத்து அதைச் சுற்றியே சட்டையைச் சுருட்டுங்கள். கூரான மடிப்பு விழ இடமில்லாததால் கசங்கல் குறையும். முழுப் பருத்தியைவிட டெரிகாட்டன் குறைவாகக் கசங்கும்.

சேர்ந்தவுடன் சட்டையை மாற்றிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சைக்கிள் நின்றாலும் உடம்பின் சூடு உடனே இறங்காது, வியர்வை இன்னும் சில நிமிடம் வரும். அதுவரை அதைக் காயவைத்த எதிர்க்காற்று மட்டும் நின்றுபோகும். புதுச் சட்டையும் நனைவது அதனால்தான். கடைசி அரை கிலோமீட்டரை மெதுவாக மிதியுங்கள். காட்பாடி ரயில்வே மேம்பாலம் மாதிரி ஏற்றங்களில் கியர் இருந்தால் இறக்குங்கள், இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் நின்று, ஈரத்துண்டால் கழுத்து, அக்குள், முதுகு துடைத்து, பிறகு உலர்ந்த துண்டால் ஒற்றிவிட்டு சட்டை போடுங்கள்.

ஆற்காட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி ராணிப்பேட்டையில் உள்ள பள்ளிக்குப் போகிறேன். சுடிதார்தான் வசதி. சில நாள் சேலையும் கட்ட வேண்டியிருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– ஆசிரியை, ஆற்காடு

முதலில் துப்பட்டா. இதை ஒரு கண்டிப்பாகவே சொல்கிறோம்: நுனி தொங்கும் துப்பட்டாவோடு எந்த இரண்டு சக்கர வண்டியிலும் ஏறாதீர்கள். நுனி பின்சக்கரக் கம்பியில் சிக்கினால் ஒரே சுற்றில் கழுத்து பின்னுக்கு இழுபடும். தொண்டையும் கழுத்தெலும்பும் பாதிக்கப்படுகிற, உயிருக்கே ஆபத்தான காயம் அது. மடித்துப் பையில் வைத்து, பள்ளி வாசலில் எடுத்துப் போட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. போட்டுக்கொண்டுதான் போக வேண்டுமென்றால், மார்பில் குறுக்காக விட்டு, இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, நுனிகளை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் துணி தொங்கக் கூடாது. கழுத்தைச் சுற்றி மட்டும் போடவே வேண்டாம்.

பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது சிக்கல் தருவது டாப்ஸின் பின்தட்டு. புதிதாகத் தைக்கும் முன், இருக்கிற டாப்ஸைப் போட்டு சீட்டில் உட்கார்ந்து, வேறு ஒருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்தட்டு சீட்டுக்குக் கீழே சக்கரம் வரை தொங்கினால் நீளம் அதிகம். முழங்காலுக்கு மேலே முடிகிற நீளமும், தொடையைத் தூக்க இடம் விடுகிற அளவுக்குப் பக்கத்துத் திறப்பும் போதும். கீழே பலாஸோ, பாட்டியாலா வேண்டாம். கணுக்காலைப் பிடிக்கிற சுடிதார் பேன்ட்டே சரி. மெல்லிய லெக்கிங்ஸ் உள்தொடையில் உரசி அங்கேதான் முதலில் இற்றுப்போகும். கொஞ்சம் கனமான பருத்தி நல்லது.

சேலைக்குச் சைக்கிள் தயாராக இருக்க வேண்டும். செயினை முழுதும் மூடுகிற கவர், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலை போன்ற டிரெஸ் கார்டு, மேல் குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் ஃபிரேம் மூன்றும் இருந்தால்தான் சேலை. டிரெஸ் கார்டைச் சைக்கிள் கடையில் தனியாகவும் மாட்டித் தருவார்கள். முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகி ஊக்கு போடுங்கள். கொசுவத்தின் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே நிற்கட்டும். வழுக்குகிற சிந்தடிக் சேலையைவிடக் கைத்தறிப் பருத்தி செருகிய இடத்தில் நிற்கும்.

கடைக்கு வெள்ளை வேட்டியில்தான் போவேன். செயின் கறை போகவே மாட்டேன் என்கிறது.
– லுங்கி வியாபாரி, குடியாத்தம்

செயின் இருப்பது வலது பக்கம். அந்தப் பக்கத்தைக் காப்பாற்றினால் போதும். வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளே முழங்கால் வரை டிரவுசர் போட்டுக்கொள்ளுங்கள். பேன்ட் போடுகிறவர்கள் வலது காலின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து வெல்க்ரோ பட்டையால் கட்டலாம். ரப்பர் பேண்ட் இரத்த ஓட்டத்தை இறுக்கும், வேண்டாம்.

கறைக்குக் காரணம் பெரும்பாலும் அளவு மீறிய எண்ணெய். செயினுக்கு எண்ணெய் தேவைப்படுவது உருளைகளின் உள்ளேதான். இரவில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கி இருபது முப்பது சுற்று சுற்றுங்கள். காலையில் பழைய துணியால் வெளிப்புறத்தை அழுந்தத் துடைத்துவிடுங்கள். வெளியே தங்குகிற எண்ணெய் தூசியைப் பிடித்துக் கறுப்பாவதுதான் வேட்டிக்கு வருகிறது.

பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நனைக்காதீர்கள். தேய்க்கவும் வேண்டாம், பரவும். மேலே இருப்பதைக் கரண்டி முனையால் வழித்து எடுத்து, முகப்பவுடரைத் தூவிக் கால் மணி நேரம் விடுங்கள். எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தை நேராகக் கறையில் விட்டு விரலால் மெதுவாகக் கசக்கி, இன்னும் கால் மணி நேரம் கழித்துச் சூடான தண்ணீரில் அலசுங்கள். மிச்சம் இருந்தால் திரும்பச் செய்யுங்கள். கறை முழுதும் போகும்வரை இஸ்திரி போடக் கூடாது. சூடு பட்டால் கறை துணியிலேயே ஊறி நின்றுவிடும்.

ஜீன்ஸ் போட்டுத் தினமும் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறேன். தொடை இடுக்கில் புண்ணும் அரிப்பும் வருகிறது. பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசர் வாங்க வேண்டுமா?
– வாசகர், வாணியம்பாடி

ஜீன்ஸைப் புரட்டிப் பாருங்கள். தடித்த தையல்கள் நான்கும் வந்து கூடுகிற முடிச்சு, நீங்கள் சீட்டில் உட்காருகிற இடத்துக்கு நேராக இருக்கும். உடம்பின் பாரம் முழுக்க அந்த முடிச்சின் மேல். துணியும் கனம், வியர்வையில் நனைந்தால் காயாது. நடுவில் சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்த டிராக் பேன்ட் அல்லது மெல்லிய பேன்ட்டுக்கு மாறுங்கள். உள்ளாடை, கால் கொஞ்சம் நீண்ட வகையாக இருந்தால் விளிம்புத் தையல் தொடை இடுக்கில் அறுக்காது.

சீட் உயரத்தையும் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதற்கு மேல் சீட்டை ஏற்றினால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபக்கமும் ஆடும், அந்த ஆட்டமே உரசல். பஞ்சு வைத்த டிரவுசர் ஒரு மணி நேரப் பயணத்துக்கு உதவும். ஆனால் உள்ளே உள்ளாடை போடாமல் அணிய வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். அரை மணிக்குக் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு அது அவசியமில்லை.

அரிப்பு வேறு விஷயம். வட்டமாகப் பரவி, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். அரிப்பு ஒரு வாரம் அடங்கும், பூஞ்சை உள்ளேயே பரவி முன்பைவிட மோசமாகத் திரும்பும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈர உள்ளாடையோடு வேலையில் உட்காராமல் மாற்றிவிடுங்கள், நன்றாகக் காய்ந்ததை மட்டும் போடுங்கள்.

மழைக்கு ரெயின்கோட்டா, போர்வை மாதிரி விரிகிற பாஞ்சோவா?
– வாசகர், திருப்பத்தூர்

லாரி போகிற சாலை என்றால் பாஞ்சோ வேண்டவே வேண்டாம். லாரிக் காற்றில் பாய்மரம் போல விரிந்து வண்டியை இழுக்கும். பின்நுனி சக்கரத்திலும் சிக்கலாம். அக்குளில் காற்றுத் துளை உள்ள ரெயின்கோட்டின் மேல்சட்டையை மட்டும் போடுங்கள். கீழே அரைக்கால் டிரவுசரும் செருப்பும் போதும். நனைந்த கெண்டைக்காலை ஒரு துடைப்பில் காயவைத்துவிடலாம், நனைந்த பேன்ட் மாலைவரை காயாது. தலைமுக்காடு திரும்பும்போது கண்ணை மறைக்கும். உள்ளே முன்விளிம்பு உள்ள தொப்பி போட்டு நாடாவை இறுக்கினால் முக்காடும் தலையோடு திரும்பும். இரண்டு மட்கார்டின் நுனியிலும் பழைய டியூபை வெட்டித் தரைக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி தொங்கவிடுங்கள். பாதிச் சேறு மேலே இருந்து அல்ல, உங்கள் சக்கரத்திலிருந்தே வருகிறது. ஈரக் கோட்டை மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து உள்பூச்சு உரியும்.

ஷூ கம்பெனியில் வேலை. தோல் ஷூவிலேயே சைக்கிள் ஓட்டலாமா?
– வாசகர், ஆம்பூர்

ஷூவை வேலையிடத்தில் விட்டுவிட்டு, பின்பட்டை உள்ள ரப்பர் சோல் சாண்டலில் போங்கள். வழுவழுப்பான தோல் சோல் பெடலில் வழுக்கும். ஹவாய் செருப்பும் நழுவும், வார் அறுந்தால் கால் கீழே போய்விடும். பாதத்தின் முன்பகுதி பெடல் அச்சுக்கு மேல் இருக்க வேண்டும். தோல் ஷூ மழையில் நனைந்தால் உங்களுக்குத் தெரியாததல்ல: செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு வீடு திரும்புகிறேன். கம்பெனி சட்டை கருநீலம். மேலே பளிச்சென்ற பச்சை ஜாக்கெட் போட்டால் போதுமா?
– தொழிலாளர், ராணிப்பேட்டை

போதாது. அந்தப் பச்சை பளிச்சிடுவது சூரிய ஒளியில் இருக்கிற புற ஊதாக் கதிரால்தான். இரவில் அந்தக் கதிர் இல்லாததால் அது சாதாரண வெளிர் நிறமாகிவிடும். இரவுக்கு வேண்டியது, விளக்கு வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் நிற ரிஃப்ளெக்டர் பட்டை. 2 அங்குல அகலப் பட்டையை மீட்டர் கணக்கில் வாங்கலாம். ஒட்டும் வகை இரண்டு சலவையில் உரிந்துவிடும், தையல் வகையை வாங்கி முதுகில் ஒரு கிடைக்கோடும், இரண்டு கணுக்காலிலும் ஒவ்வொரு பட்டையும் தைக்கச் சொல்லுங்கள். கணுக்கால் பட்டைதான் முக்கியம்: மிதிக்கும்போது மேலும் கீழும் ஆடுவதால், பின்னால் வருகிற டிரைவர் அது சைக்கிள் என்று தூரத்திலேயே புரிந்துகொள்வார். பட்டை மேல் இஸ்திரி போடாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பையைக் கேரியரில் கட்டும்போது பின்விளக்கை அது மறைக்கிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். விளக்கு இல்லாமல் பட்டை மட்டும் வைத்து நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. குறுக்குச் சந்திலிருந்து வருகிற வண்டியின் வெளிச்சம் உங்கள் மேல் விழாதவரை பட்டை இருட்டாகவே இருக்கும்.

மார்கழிக் காலையில் குளிருக்கு ஸ்வெட்டர் போடலாமா?
– வாசகி, பாகாயம்

வேண்டாம். பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகி உள்ளே நனைந்துவிடும். காற்றைத் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட் ஒன்றும், காதை மூடும் துணிப்பட்டையும் போதும். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் உடை சரியான அளவில் இருக்கிறது என்று பொருள்.