ஜாக்கி நுழையாத கார்கள்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டரும் வேனும் நின்ற இடத்தில் இப்போது தரையோடு தரையாக ஊரும் ஸ்போர்ட்ஸ் கார்களும் வந்து நிற்கின்றன. அவற்றைத் தூக்குவது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்.

திருவையாறு: அண்ணா, அத்தான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். சக்கரத்தில் உருளும் எங்கள் டிராலி ஜாக்கி அடியில் நுழையவே மாட்டேன் என்கிறது.

நுழையாது, தம்பி. சாதாரண டிராலி ஜாக்கியை முழுக்க இறக்கினாலும் 130 மி.மீ. உயரம் நிற்கும். லோ புரொஃபைல் ஜாக்கி என்று கேட்டு வாங்குங்கள், 80 மி.மீ. வரை இறங்கும். அதுவும் முட்டினால், 40 மி.மீ. கனமுள்ள இரண்டு பலகைகளைச் சக்கரங்களுக்கு முன்னால் போட்டுக் காரை மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். பலகையின் நுனியைச் சரிவாகச் சீவிவிடுங்கள். ஒருவர் வெளியே குனிந்து முன் பம்பரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தஞ்சாவூர்: ஜாக்கியை எங்கே வைப்பது?

காரோடு வந்த கையேட்டில் படம் இருக்கும். பெரும்பாலும் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், முன்னும் பின்னும் குறியிட்ட இடங்கள். அந்த விளிம்பு இரண்டு தகடுகளை ஒட்டிய மடிப்புதான். இரும்புத் தலையை நேராக வைத்தால் மடங்கிவிடும். தொழில் பழகிய நாளில் நானே ஒரு காரில் அப்படி வைத்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். இறக்கிப் பார்த்தால் மடிப்பு நாக்கு மாதிரி வளைந்து, பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. விட்டால் அங்கிருந்துதான் துரு ஏறும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையை இடையில் வையுங்கள். மடிப்பு பள்ளத்துக்குள் இறங்கிவிடும், பாரம் இரு பக்கமும் பரவும். ஆயில் தொட்டியிலும் அடியில் மூடியிருக்கும் பிளாஸ்டிக்கிலும் ஜாக்கி படவே கூடாது.

மன்னார்குடி: வீட்டு வாசல் மண் தரை, ஐயா. பரவாயில்லையா?

பலரும் தடுமாறுவது இதில்தான். நம் டெல்டாக் களிமண் கோடையில் வெடித்து நிற்கும், ஒரு மழைக்கே குழைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. டிராலி ஜாக்கியின் கை மேலே எழும்போது வளைவாக எழுகிறது. அதற்கு ஈடுகட்ட ஜாக்கி தானாகச் சற்று உருள வேண்டும். மண்ணில் அதன் சிறு சக்கரங்கள் புதைந்து உருளாமல் நின்றால், அது காரை இழுக்கும் அல்லது ரப்பர் கட்டை நழுவும். நெல் காயவைக்கும் சிமென்ட் களம் இருந்தால் அங்கே போய்விடுங்கள், அறுவடை நாளாக இல்லாவிட்டால்! வேறு வழியே இல்லையென்றால் 18 மி.மீ. பிளைவுட்டை அகலமாக விரித்து, அதன்மேல் ஜாக்கியையும், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டுகளையும் வையுங்கள்.

பாபநாசம்: ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் அடுக்கலாமா?

கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே படுப்பதும் அதே கதைதான். எண்ணெய் கசிந்தால் இறங்கிவிடும்.

திருவாரூர்: பின்பக்கம் தூக்கும்போது கைப்பிரேக் போட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். அவை அந்தரத்தில் இருந்தால் அது எதைப் பிடிக்கும்? பின்சக்கரங்களால் ஓடும் காரானால் கியரில் போட்டு வைப்பதும் அப்போது உதவாது. முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். சக்கரம் கழற்றுவதாக இருந்தால், தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிடுங்கள்.

நீடாமங்கலம்: முன்பக்கம் தூக்கினால் அதே பக்கப் பின்சக்கரமும் எழும்புகிறது. பயமாக இருக்கிறது.

உடல் கட்டு அவ்வளவு விறைப்பு, அம்மா. கோளாறு இல்லை.

மயிலாடுதுறை: வழியில் பஞ்சரானால்?

இந்த வகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் இருக்கும். ஓட்டை பக்கவாட்டில் என்றால் அது பயன்படாது. சாய்தளம் உள்ள லாரியை அழையுங்கள். இழுப்பதற்கான கொக்கி கருவிப் பையில் இருக்கும், பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றித் திருகிப் பொருத்த வேண்டும். லாரியில் ஏற்றும்போது முன்பம்பர் தட்டாமல் இருக்கவும் அந்த இரண்டு பலகைகள்தான் வேண்டும். அவற்றை டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.