குற்றாலம் அருவியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறதே, பேசாமல் கலரிலேயே எடுத்துவிடலாமா?

நீங்கள் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதையே கேலியாகக் கேட்கிறவர்களுக்கு நடுவில் பிழைப்பு ஓட்டுகிறவன் நான், அதனால் கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது. தென்காசிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், இதுதான் சோறு போடுகிறது. சீசனில் கடை திறப்பதற்கு முன்னால் அருவிப் பக்கம் போய்க் கறுப்பு வெள்ளையில் எடுப்பது யாரும் சொல்லாமல் நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஆகவே இதைப் பெரிய கலைஞன் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கதை அநேகமாக இப்படி இருக்கும். ஜூலையில் குடும்பத்தோடு வந்திருப்பீர்கள். எண்ணெய் தேய்த்து, குளித்து, புரோட்டா சாப்பிட்டு முடித்தபோது மணி பதினொன்று. வெயில் எட்டிப் பார்க்கிறது, பேரருவி பளபளவென்று இருக்கிறது, எடுத்துவிட்டீர்கள். ஊருக்குப் போய்ப் படத்தில் கறுப்பு வெள்ளை பட்டனைத் தட்டியதும் அருவி ஒரே வெள்ளை, மீதி எல்லாம் ஒரே சாம்பல்.

வெள்ளைக்குக் காரணம் வெயில். நேர் வெயிலில் விழும் தண்ணீருக்கும் ஈரப் பாறைக்கும் இடையே உள்ள வெளிச்ச வித்தியாசத்தைக் கேமரா தாங்காது. தண்ணீரில் விவரம் ஒரு தடவை போய்விட்டால் போனதுதான், எந்த சாப்ட்வேரும் திருப்பித் தராது. மேகம் மூடிய நேரம்தான் அருவிக்கு நல்ல நேரம். சாம்பலுக்குக் காரணம் வேறு. இலையின் பச்சையும் நனைந்த பாறையின் பழுப்பும் கண்ணுக்கு வேறு வேறு. நிறத்தை மொத்தமாக உருவிவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். கலரில் நிறமே அவற்றைப் பிரித்துக் காட்டியது. இங்கே அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

நான் தொழில் கற்றுக்கொண்ட அண்ணாச்சி இதை ஒரே வரியில் முடித்துவிடுவார். "ஏல, தண்ணிய எடுக்காத, பாறைய எடு. தண்ணி அதுபாட்டுக்கு வரும்." அவருடைய டார்க் ரூமில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' போட்டோ தாள் அடுக்கி வைத்திருப்பார். (அந்த ஆலையும் இன்று இல்லை. அது தனிக் கதை.) அருவிப் படம் பிரிண்ட் போடும்போது முதலில் பாறைக்கும் மரத்துக்கும் தேவையான வெளிச்சத்தைக் கொடுப்பார். அப்புறம் நடுவில் சின்ன ஓட்டை போட்ட ஒரு அட்டையை என்லார்ஜருக்கும் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) தாளுக்கும் நடுவே பிடித்து, தண்ணீர் விழும் இடத்துக்கு மட்டும் இன்னும் சில விநாடி வெளிச்சம் விடுவார் (இந்தத் தாள் வெளிச்சம் படப் படக் கறுக்கும்). விளிம்பு தெரியக்கூடாது என்பதற்காகக் கை ஆடிக்கொண்டே இருக்கும். தாளை டெவலப்பரில் (படத்தை எழுப்பும் ரசாயனக் கரைசல்) போட்டால், வெறும் வெள்ளையாக வந்திருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரின் இழைகள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும். இன்று கம்ப்யூட்டரில் 'பர்ன்' என்று இருப்பது இந்த அட்டை வேலைதான். "எடிட் செய்தால் அது போட்டோவே இல்லை" என்று இங்கே எழுத வருகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வரவும்.

இப்போது என் பெருமைக்கு வருகிறேன். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் பேரருவியில் வெள்ளம். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டியது, குளிக்கத் தடை, போலீஸ் கயிறு கட்டி நிற்கிறார்கள். வெளியூரிலிருந்து பெரிய லென்ஸோடு வந்த சில தம்பிகள், "என்ன சார், டீத்தண்ணி கலர்ல வருது" என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. செம்மண் கலந்த தண்ணீரில் சிவப்பு அதிகம், இலையில் சிவப்பு குறைவு. சிவப்பு பில்டர் வழியாகப் பார்த்தால் அந்த டீத்தண்ணி வெளுக்கும், காடு கறுக்கும். டிஜிட்டலில் கண்ணாடி பில்டரே வேண்டாம், 'ரா'வில் (கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் பைல்) எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கினால் போதும். தடை நாள் என்பதால் பாறைக்குக் கீழே ஒரு தலை கிடையாது, காய்கிற துண்டு கிடையாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று குடைக்குள் ட்ரைபாட் போட்டு எடுத்தேன். கரும்பாறை மேல் அந்தத் தண்ணீர் இறங்கிய படம் இன்றும் கடையில் மாட்டியிருக்கிறது.

அந்தப் படத்துக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஒரு லாட்ஜ்காரர் அதை எங்கிருந்தோ எடுத்து, தண்ணீருக்கு நீலம், மரத்துக்குக் கிளிப்பச்சை அடித்து, "சீசனுக்கு வருக வருக" என்று ஆளுயர பிளக்ஸ் வைத்துவிட்டார். கேட்கப் போனால், "உங்க படம்தான் அண்ணாச்சி, கலர் மட்டும் நாங்க போட்டுக்கிட்டோம்" என்று எனக்கே டீ வாங்கிக் கொடுக்கிறார். காசும் இல்லை, பெயரும் இல்லை. யாரும் குளிக்க முடியாத நாளின் படத்தைக் காட்டிக் குளிக்கக் கூப்பிடுகிறோம் என்பதும் அவருக்கு உறைக்கவில்லை. கல்யாண வீட்டில் ஆல்பத்துக்குப் பேரம் பேசுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் விஷயம். கேமராவில் மோனோக்ரோம் வைத்துக்கொண்டு 'ரா'வில் எடுங்கள். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், பைலுக்குள் நிறம் அப்படியே இருக்கும். ஒரு போலரைசர் வாங்குங்கள், லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்புகிற பில்டர் அது. நனைந்த இலையின் மினுமினுப்பும் கறுப்பு வெள்ளையில் வெள்ளைதான், அது அருவியோடு போட்டி போடும். போலரைசரைத் திருப்பினால் அந்த மினுக்கம் அடங்கும். முழுக்கத் திருப்பிவிடாதீர்கள், பாறையில் கொஞ்சம் பளபளப்பு இருந்தால்தான் அதன் மேடுபள்ளம் தெரியும். அது இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தையும் குறைப்பதால் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்வு) 100, எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு) வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/8, 1/4 விநாடிக்குத் தானாக வந்துவிடும். பேரருவி போலக் கனமாக விழும் தண்ணீருக்கு எனக்கு அது போதும். பல விநாடி திறந்துவைத்துப் பஞ்சுமிட்டாய் ஆக்குவது எனக்குப் பிடிக்காது. பிடித்தவர்கள் செய்துகொள்ளுங்கள், சண்டைக்கு வரவில்லை. ஐந்தருவியில் தண்ணீர் மெலிந்து பிரிந்து விழும் நாளில் அரை விநாடி, ஒரு விநாடி நானும் வைப்பதுண்டு.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் தானியங்கி மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். கரும்பாறை நடுவே அருவி ஒல்லியாக இருந்தால் கேமரா பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், ஒரு ஸ்டாப் குறையுங்கள். படம் முழுக்கத் தண்ணீரே என்றால் அது வெள்ளையைச் சாம்பலாக்கும், அப்போது கூட்டுங்கள். இரண்டிலும் ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைத் திரையில் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டாமல் இருக்க வேண்டும்.

லென்ஸ் துடைக்கப் பழைய வேட்டித் துணி நாலைந்து துண்டு, பிளாஸ்டிக் பைக்குள். சாரலில் ஒவ்வொரு படத்துக்கும் துடைக்க வேண்டியிருக்கும், ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் மோசம். போனில் எடுக்கலாமா என்றால், 'ரா' வசதி இருந்தால் தாராளமாக எடுக்கலாம். இல்லாவிட்டாலும் திரையில் அருவியைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுங்கள். கறுப்பு வெள்ளையாக்குவதை மட்டும் பட்டனிடம் விடாமல், நிறம் நிறமாக ஏற்றி இறக்க விடுகிற ஆப் ஒன்றில் செய்யுங்கள். பச்சையைத் தொட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.