மூங்கில் கழியும் வளைந்த பிடியும்

கேள்வி: வணக்கம் அண்ணே. இரண்டு வருடமாகத் துப்பாக்கிக் கழகத்தில், பறக்கவிடும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுட்டுவருகிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பண்ணை வைத்திருக்கும் என் மச்சான், ஏப்ரலில் காடை வேட்டைக்கு வரச் சொல்கிறார். அவரிடம் 12 போர் ஷாட்கன் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஸ்பெயினில் செய்தது. குழல்கள் பக்கத்தில் பக்கத்தில், தோளில் வைக்கும் மரக்கட்டை நேர், விசை இரண்டு. மற்றது இத்தாலியத் துப்பாக்கி. குழல்கள் மேலும் கீழும், பிஸ்டல் பிடி, விசை ஒன்றுதான். "எது உனக்கு, சொல்லு" என்கிறார். நேர்க்கட்டைதான் அசல் வேட்டைக்காரன் துப்பாக்கி என்று கழகத்தில் பெரியவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். சிங்கப்பூர் தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ராணுவத் துப்பாக்கி பிடித்துப் பழகிய கைக்கு எது சரிப்படும்? (ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, முதலில் எஸ்ஏஆர் 21-ஐ மறந்துவிடுங்கள். அதிலும் சரி, என் காலத்து எம்16-இலும் சரி, பிடி என்பது தனியாகக் கீழே தொங்கும் ஒரு துண்டு. வேட்டைத் துப்பாக்கியில் பிஸ்டல் பிடி என்றால் விசைக்குப் பின்னால் கட்டையின் கழுத்து கீழ்நோக்கி வளைந்து வந்து முடிகிறது, அவ்வளவுதான். நேர்க்கட்டையில் அந்த வளைவு கிடையாது. விசையைச் சுற்றி வளைந்திருக்கும் விசைக் காப்பிலிருந்து தோளில் படும் அடிக்கட்டை வரை ஒரே ஓட்டம்.

உங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் இன்னும் மூங்கில் கழியில் துணி காயப்போடுகிறார்களா? ஈரச் சட்டை நாலைந்து கோத்த கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் சுவரில் இருக்கும் குழாயில் செருகுவதைக் கவனியுங்கள். குழாய் வாயைத் தேடிப் போவது முன்கை. பின்கை தாங்கிக்கொண்டு கூடவே போகிறது. நேர்க்கட்டையின் சூட்சுமம் இதுதான். இரண்டு உள்ளங்கையும் ஒரே கோட்டில் இருக்கும். இடது கை மெல்லிய முன்கட்டையையும் தாண்டிக் குழலையே பிடித்திருக்கும். காலடியில் காடை 'விர்' என்று கிளம்பினால் இடது கை பறவையைப் பார்த்துப் போகும், வலது கை கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுவரும். யோசிக்க நேரமில்லாத சூட்டுக்கு இது அருமையான ஏற்பாடு.

ஆனால் அதே கழியைக் குழாயில் செருகாமல் ஒரு நிமிடம் அந்தரத்தில் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கி வலிக்கும், வலது முழங்கை தானாக மேலே ஏறும். பிஸ்டல் பிடியில் இந்தத் தொல்லை குறைவு. ஒருவரோடு கைகுலுக்கும்போது மணிக்கட்டு எப்படி இருக்கிறதோ, கிட்டத்தட்ட அப்படியே பிடிக்கலாம். முழங்கை தணியும், கை ஒரே இடத்தில் உட்காரும், துப்பாக்கியைத் தோளோடு இழுத்து வைத்துக்கொள்ளலாம். மூன்றரைக் கிலோ துப்பாக்கியில் ஒரே நாளில் 100 தோட்டா சுடும் தட்டுக்காரர்கள் வளைந்த பிடியை விடாததற்குக் காரணம் இது. முன்பு இங்கே காகங்களைக் குறைக்க அனுமதி பெற்ற கழக உறுப்பினர்களை அனுப்புவார்கள், நினைவிருக்கிறதா? நானும் போயிருக்கிறேன். நின்ற இடத்தில் நின்று, மரத்தை அண்ணாந்து பார்த்து, கீழே ஆள் இல்லையே என்று நாலு தடவை உறுதி செய்து சுடும் வேலை. அதற்கும் பிஸ்டல் பிடிதான் எனக்கு வாகாக இருந்தது.

சரி, நேர்க்கட்டை ஏன் வந்தது? அழகுக்காக மட்டும் இல்லை, அந்த இரண்டு விசைக்காகவும்தான். வழக்கமாக முன்விசை வலது குழலுக்கு, அதில் தோட்டாவின் சிறு குண்டுகள் அகலமாக விரியும். பின்விசை இடது குழலுக்கு, அதன் சோக், அதாவது குழல் வாயின் ஒடுக்கம், இறுக்கம். கிட்டே எழும் பறவைக்கு முன்விசை, தூரம் போய்விட்டதற்குப் பின்விசை. அந்தக் கணத்திலேயே தேர்ந்துகொள்ளலாம். முன்விசையிலிருந்து பின்விசைக்குப் போகக் கை ஓர் அங்குலம் போலப் பின்னால் சறுக்க வேண்டும். நேரான கழுத்து அதற்கு வழி விடும், வளைந்த பிடி கையை நிறுத்தி வைக்கும். அதற்காக வளைந்த பிடியோடு இரண்டு விசையே கிடையாது என்று நினைக்காதீர்கள். ஜெர்மன் துப்பாக்கிகளில் அது சாதாரணம், அவர்களும் வேட்டைக்காரர்கள்தான். உங்கள் கழகத்துப் பெரியவர்கள் சொல்வது ஆங்கிலேயப் பிரபுக்களின் வழக்கம். காடைக்கு அதெல்லாம் தெரியாது.

என் கதையைக் கேளுங்கள். நானும் தட்டு சுட்டுப் பழகியவன். முதல்முறை காடைக்குப் போனபோது கையில் இரவல் நேர்க்கட்டை. ஜோடியாக இரண்டு கிளம்பின. முதல் சூடு தவறியது. அதே விசையை மறுபடி இழுத்தேன், வெடிக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். தோட்டாதான் பழுது என்று குழலை மடக்கிப் பார்த்தால், இடது குழலில் புதுத் தோட்டா சிரித்துக்கொண்டு இருக்கிறது. பின்விசை என்று ஒன்று இருப்பதே விரலுக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த முறை தோட்டா போட்டேன், இந்தத் தடவை விசையே அசையவில்லை. இந்த மாதிரித் துப்பாக்கிகள் பெரும்பாலும், குழலைத் திறந்ததும் சேஃப்டியைத் தானாகப் போட்டுக்கொள்ளும். சாயங்காலம் நடுவிரல் வீங்கிவிட்டது. கையை ரொம்ப முன்னால் வைத்துப் பிடித்ததால், ஒவ்வொரு உதைப்புக்கும் விசைக் காப்பின் பின்பக்கம் அந்த விரலில் இடித்திருக்கிறது. அன்று இரவு சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். கட்டையைக் குறை சொல்ல முடியாது. பழகாத கையோடு போனது நான்.

அதனால் இந்த வருடத்துக்கு இத்தாலியத் துப்பாக்கி என்று மச்சானிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் ஒற்றை விசையில் பழகிய விரல், பறவை எழும்போது பழகியதைத்தான் செய்யும். கொஞ்சம் கனம் கூடுதலாக இருக்கலாம். அரிதாள் நிற்கும் வயலில் நாள் முழுக்க நடந்து மத்தியானம் மூன்று மணியானால் அது தோளில் தெரியும். பரவாயில்லை.

ஆனால் பிடியைவிடப் பெரிய விஷயம் ஒன்று, கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது. ஷாட்கன்னில் கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் பின்குறி கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி. மச்சான் வீட்டில் குழல் காலி என்று இரண்டு பேரும் பார்த்த பிறகு, ஆள் இல்லாத பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கிக் கன்னத்தில் வையுங்கள். அப்புறம் கண்ணைத் திறங்கள். குழல் மேல் ஓடும் பட்டை கண்ணுக்கு நேராக, குழல் நுனியில் இருக்கும் குறிமணிவரை தெரிந்தால் நல்லது. பட்டை நீளமான ரோடு மாதிரி விரிந்து தெரிந்தால் குண்டு மேலே போகும். பட்டையே தெரியாமல் குழலின் பின்பக்கத்து இரும்புதான் தெரிகிறது என்றால் கன்னம் படும் விளிம்பு உங்களுக்குத் தாழ்வு. ஸ்பானியத் துப்பாக்கியையும் இப்படியே தூக்கிப் பாருங்கள். அது அழகாக வந்து உட்கார்ந்தால் கடைசி நாள் பண்ணையிலேயே 25 தட்டு போடச் சொல்லி அதில் சுடுங்கள். வேட்டைக்கு அது அடுத்த வருடம்.

நீங்களே ஒன்று வாங்கும் காலம் வந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வடிவம் இருக்கிறது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பிடி என்பார்கள். லேசான வளைவு, உருண்டையான முடிவு. என்னைக் கேட்டால் நடந்து வேட்டையாடுபவருக்கு அதுதான். நேர்க்கட்டையைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும், ஆனால் என் நடுவிரலுக்கு ஞாபகசக்தி அதிகம்.

விக்டோரியாவில் காடைக்குப் பருவம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை தொடங்கும். அனுமதி விவரங்களை மச்சானை முன்கூட்டியே அங்குள்ள காவல்துறையிடம் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது ஜாக்கெட் பை எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். காலித் தோட்டாக் கூடு ஒன்றை வைத்துக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: என் கை சிறியது. கழகத் துப்பாக்கியில் பிஸ்டல் பிடியைப் பிடித்தால் விரல் விசைக்குச் சரியாக எட்டுவதில்லை. நேர்க்கட்டை கேட்கட்டுமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: கேட்கலாம், நேர்க்கட்டையில் கையை வேண்டிய இடத்துக்கு முன்னால் தள்ளிக்கொள்ளலாம்தான். ஆனால் அதற்கு முன், பிடி தடிமனா, கட்டை நீளமா என்று பாருங்கள். தூக்கும்போது அடிக்கட்டை அக்குளில் சிக்கினால் நீளம் அதிகம், பிடியை மாற்றி அது தீராது. சில தட்டுத் துப்பாக்கிகளில் விசையையே முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கலாம். பயிற்றுநரிடம் கேளுங்கள். பிடியை இழைத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். கட்டையில் மிக மெலிந்த இடம் அந்தக் கழுத்துதான். அங்கே மரத்தின் ரேகை கழுத்தோடு ஓட வேண்டும், குறுக்கே வெட்டுப்பட்டால் உதைப்பில் பிளக்கும். தவிர, அது கழகத்தின் சொத்து.

கேள்வி: சினிமா வில்லன்கள் அடிக்கட்டையே இல்லாமல் வெறும் பிஸ்டல் பிடியோடு ஷாட்கன் வைத்திருக்கிறார்களே, அது வேட்டைக்கு ஆகுமா? இங்கே வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? (தோ பாயோ வாசகர்)

பதில்: ஆகாது. கன்னம் வைக்க இடமில்லை என்றால் கண்ணைக் குழலுக்கு நேர் வைக்க முடியாது. உதைப்பு முழுவதும் மணிக்கட்டுக்குத்தான். வில்லனுக்குக் குறி பார்க்கும் அவசியம் இல்லை, கதாநாயகன் எப்படியும் தப்பித்துவிடுவான். வீட்டில் வைப்பதை நினைக்கவே வேண்டாம். 1973-இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றி துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, கூடவே பிரம்படி. ஆசை இருந்தால் ஒரு சனிக்கிழமை ஓல்ட் சுவா சூ காங் ரோடு பக்கம் போய், கழகத்தில் சேர்வதைப் பற்றி விசாரியுங்கள். காதடைப்பானுக்குக் கூச்சப்படாதீர்கள். அது போடாமல் சுட்ட என் தலைமுறை ஆட்களிடம் இப்போது எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.