செல் சவ்வுப் பாடத்தை விரும்பும் மகளுக்கு என்ன படிப்பு?

மதிப்பிற்குரிய அம்மா,

பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் செல்லைப் பற்றிய பாடத்தைத் தவிர வேறெதிலும் ஆர்வம் காட்டுவதில்லை என்றும், நீட் தேர்வில் இடம் கிடைக்காமல் போனால் இந்த ஆர்வத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். சென்ற வாரம் அவரை நேரில் அழைத்துப் பேசிய பிறகே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் ஏன் நீர் விடுகிறது என்று கேட்டேன். செல்லின் மெல்லிய உறையான சவ்வைக் கடந்து நீர் நகரும் சவ்வூடு பரவல் என்று சொல்லி முடித்திருக்கலாம். அவரோ, "நீர் உடனே வெளியே வந்துவிடுகிறது, உப்பு மட்டும் உள்ளே போக ஏன் நாளாகிறது?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். செல்கள் உயிரிழந்து, சவ்வு தன் காவலை இழந்த பிறகுதான் உப்பு தாராளமாக உள்ளே புகுகிறது என்பது விடை. மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை.

பிறகு, வயிற்றுப்போக்குக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, அதன் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். ஒரு லிட்டர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். குளுக்கோஸ் தெம்புக்காகச் சேர்க்கப்படுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் குடல் செல்லின் சவ்விலுள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்கிறது; அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. உள்ளே வந்த சோடியம் தேங்கிவிடாதபடி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்வாங்கும் பம்பு மறுபக்கத்தில் ஓயாமல் இயங்குகிறது. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் காலராவில், கிருமியின் நச்சு கெடுப்பது செல்லுக்குள் செய்தி கடத்தும் அமைப்பை. அணைய வேண்டிய சைகை அணையாததால் குளோரைடு வழிகள் திறந்தே கிடக்க, உடல்நீர் கொட்டிப் போகிறது. ஆனால் குளுக்கோஸ் நுழையும் வாசலை அந்த நச்சு தொடுவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலிருந்த அகதி முகாமில் நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துவந்த நிலையில், டாக்டர் திலீப் மகாலனபிஸ் அந்த வாசலை நம்பித்தான் இத்தகைய உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவிலிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. இதைக் கேட்ட உங்கள் மகள், பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்றார்.

நீட் முயற்சி தொடரட்டும். ஆனால் இந்த ஆர்வத்தை மருத்துவ இடத்தோடு மட்டும் முடிச்சுப் போட வேண்டாம். பொட்டாசியம் அயனி சவ்வைக் கடக்கும் வழியின் வடிவத்தை 1998-இல் காட்டி, 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராடெரிக் மெக்கின்னன், மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். ஒற்றை அயனி வழியில் பாயும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் முறையை பெர்ட் சக்மனுடன் சேர்ந்து உருவாக்கிய எர்வின் நேயரோ இயற்பியல் படித்தவர். எனவே உங்கள் மகள் கணிதத்தைக் கைவிடக் கூடாது என்பதே என் முதல் ஆலோசனை. அவர் சேர்ந்திருப்பது கணிதம் உள்ள பிரிவா என்று நீங்கள் எழுதவில்லை. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களான ஐசரின் நுழைவுத் தேர்வில் 60 வினாக்களில் 15 கணிதத்திலிருந்து வருகின்றன என்பதால் அதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆய்வுப் பாதை நீண்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐசரில் ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்து, தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் ரூ.37,000 உதவித்தொகையும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். அந்தத் தொகையோடுதான் முனைவர் பட்ட ஆண்டுகள் தொடங்கும். அதுவரை மகளின் வருமானத்தை எதிர்பார்க்காமல் குடும்பம் நடக்குமா என்பதை உங்கள் கணவருடன் கலந்து பேசுங்கள்.

நடக்காது எனில், இதே ஆர்வத்துக்கு விரைவில் வேலை தரும் படிப்புகள் உண்டு. டயாலிசிஸ் டெக்னாலஜி படிப்பவரின் அன்றாட வேலையே, செயற்கைச் சவ்வு ஒன்றின் வழியே யூரியா இரத்தத்திலிருந்து பரவி வெளியேறுவதைக் கண்காணிப்பதுதான். பி.பார்ம். படித்தால், செல்லின் ஏற்பிகளிலும் வாசல்களிலும் மருந்துகள் எப்படிப் பொருந்துகின்றன என்பதே பாடமாகும்; சர்க்கரை நோய்க்கான டாப்பாகிளிஃப்ளோசின், குடலில் பார்த்த அந்த வாசலின் நெருங்கிய உறவான சிறுநீரக வாசலை அடைத்து, மிகுதிச் சர்க்கரையைச் சிறுநீரில் போகவிடும் மாத்திரை.

பி.எஸ்சி. என்று முடிவானால், நீண்ட புதுப் பெயர்களைக் கொண்ட பட்டங்களைவிட விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்றவற்றையே நான் பரிந்துரைப்பேன். அரசு ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, பெயர் மாறிய பட்டங்களுக்கு அவை பழைய பட்டத்துக்குச் சமம் எனக் கூறும் இணைத்தன்மை ஆணை தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேரும் முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். நான் சென்ற ஒரு கல்லூரியில், மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் கருவி வாங்கிய நாளின் பாலிதீன் உறையோடு அப்படியே இருந்தது.

அடுத்த முறை வரும்போது மகளின் மதிப்பெண் பட்டியல் வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணித நோட்டு இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள்.