தடையே போடாமல் பத்திரிகைகளின் வாயை ஓர் அரசால் அடைக்க முடியுமா?

தணிக்கைச் சட்டம் இல்லாத இடத்திலும் அரசாங்கம் பத்திரிகைகளை எப்படிக் கைக்குள் வைத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் பதினோரு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன் என்ற முறையில் பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

முதலில் நெருக்கடிநிலை. அப்போது தணிக்கை பகிரங்கமாகவே இருந்தது. ஆனால் 1975 ஜூன் 25 இரவு முதலில் வந்தது தணிக்கை அதிகாரி அல்ல, கரண்ட் கட். டெல்லி பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும். அங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கனாட் பிளேஸ் பக்கம் இருந்த ஸ்டேட்ஸ்மேனுக்கும் ஹிந்துஸ்தான் டைம்ஸுக்கும் கரண்ட் வேறு நிர்வாகத்திடமிருந்து வந்ததால் அவை தப்பின.

வெட்டும் பென்சிலை ஏமாற்ற ஏதாவது வழி கிடைத்துவிடும். இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. அப்புறம் வெறுமையாக விடவும் கூடாது என்றார்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டு, விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் கைதுகள் தொடங்கின. யார் யார் உள்ளே போனார்கள் என்று எழுத முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று கட்சிப் பத்திரிகையான முரசொலியில் ஒரு பெயர்ப் பட்டியல் போட்டார் கருணாநிதி. தணிக்கை அதிகாரிக்கு அது அஞ்சலிச் செய்தி. கட்சிக்காரர்கள் தங்கள் ஊர் ஆள் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அதே வருடம் பி.டி.ஐ., யு.என்.ஐ. உட்பட நான்கு செய்தி நிறுவனங்களைச் சேர்த்து ‘சமாச்சார்’ என்று ஒன்றாக்கினார்களே, அதை ஏமாற்ற வழி இல்லை. டெல்லியில் நிருபர் வைக்கக் கட்டுப்படியாகாத சின்னப் பத்திரிகைக்கு டெலிபிரிண்டரில் வருவதுதான் செய்தி. வராத செய்தியை யாரும் வெட்ட வேண்டியதில்லை. 1978-இல் ஜனதா ஆட்சியில்தான் அவை மறுபடி பிரிந்தன.

நேரம் பார்ப்பது இன்னொரு வித்தை. 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் கோபுரங்கள் எரிந்துகொண்டிருந்தபோதே, பிரிட்டனில் ஓர் அமைச்சரின் ஆலோசகரான ஜோ மூர், புதைக்க வேண்டிய செய்திகளை வெளியிட இது ரொம்ப நல்ல நாள் என்று மின்னஞ்சல் அனுப்பினார். அது வெளியே கசிந்து நாறியது. அவர் எழுதி வைத்ததுதான் தப்பு. எழுதாமல் செய்கிறவர்கள் ஏராளம். எங்களுக்கே சங்கடமான பிரஸ் நோட் எல்லாம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் வரும். வெளியூர் எடிஷன் அச்சுக்குப் போயிருக்கும், எதிர்த்தரப்பைக் கேட்கலாமென்றால் போனை எடுக்க ஆள் இருக்காது. வந்ததை அப்படியே சுருக்கி ஏழாம் பக்கத்தில் வைப்போம். மறுநாள் அது பழைய செய்தி.

இதையெல்லாம் விட வலுவானது அரசுத் துறைகள் காசு கொடுத்துப் போடும் டெண்டர் விளம்பரம். ஒருமுறை ஒரு துறையின் சாலை வேலையைப் பற்றி எங்கள் நிருபர் எழுதினார். மறுப்பு வரவில்லை, நோட்டீஸ் வரவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. அந்தத் துறையின் விளம்பரம் மட்டும் நின்றது. மூன்றாவது மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது. பிறகு விளம்பரம் தானாகத் திரும்பி வந்தது. இனி எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதே நிருபர் அடுத்து ஒரு பாலத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தார். ஒப்பந்ததாரர் பெயர் வந்த பத்தியை எடுத்தது நான்தான். இடம் போதவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார்.