பைபாஸ் முடிந்த அப்பாவுக்கு ஆல்புமின் கேட்டு வாங்கலாமா?

பைபாஸ் முடிந்து ஐசியுவில் இருக்கும் அப்பாவுக்குக் குளுக்கோஸ் போடாமல் உப்புத் தண்ணீரையே ஏற்றுகிறார்கள், மனித ரத்தத்திலிருந்து எடுக்கிற புரதமான, விலை கூடின ஆல்புமினைக் கேட்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் காரிமங்கலம், இதய ஐசியுவில் சில வருஷம் நைட் டியூட்டி பார்த்த நர்ஸ். எங்கள் தர்மபுரிப் பக்கம் எந்தப் பாட்டில் தொங்கினாலும் அதற்குப் பெயர் குளுக்கோஸ்தான்.

ரத்தக்குழாயை நிரப்பிப் பிரஷரைத் தூக்க நிஜக் குளுக்கோஸ் ஆகாது. சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது தண்ணீர், அது ரத்தக்குழாயில் நிற்காமல் உடம்பெல்லாம் பரவிவிடும். ஆபரேஷன் முடிந்த உடம்பில் சுகரும் எகிறும். நார்மல் சலைன் என்கிற அந்த உப்புத் தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதில் குளோரைடு மட்டும் லிட்டருக்கு 154 மில்லிமோல், நம் ரத்தத்திலோ 100 சொச்சம்தான். அளவில்லாமல் ஏற்றினால் ரத்தத்தில் அமிலம் கூடும் என்பதால் பல இடங்களில் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்), பிளாஸ்மாலைட் என்று ரத்தத்துக்கு நெருக்கமான உப்புக் கலவைகள் பக்கம் போகிறார்கள். ஒரு காலத்தில் ஸ்டார்ச் (மாவுச்சத்துக் கரைசல்) பாட்டிலும் ஓடியது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2013-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எச்சரித்தார்கள்.

அப்புறம் ஆல்புமின். பாலக்கோட்டு அம்மா ஒருத்தர் கண்ணாடிக்கு வெளியே நின்று, "தம்பி, பக்கத்துக் கட்டிலுக்கு மஞ்சப் பாட்டில் போட்டாங்களே, எங்க ஊட்டுக்காரருக்கும் போடுப்பா, தோட்டை அடகு வெச்சாச்சும் கட்டிடறேன்" என்றார். வேண்டாம்மா என்று புரியவைக்க அரைமணி ஆனது. ஹெல்சிங்கியில் இதய ஆபரேஷன் ஆன 1386 பேரிடம் ஆல்புமினையும் ரிங்கர் உப்புக் கரைசலையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். ஆல்புமினால் பெரிய சிக்கல்கள் குறையவில்லை. டாக்டரே காரணம் சொல்லிக் கேட்டால் வாங்குங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள்.

என்னைக் கேட்டால் எந்தப் பாட்டில் என்பதைவிட எவ்வளவு, எப்போது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரஷர் இறங்கினால் காலைத் தூக்கிப் பார்ப்போம், ஏறுகிறதா? சரி, 250 மில்லி விடலாம். ஏறவில்லையென்றால் தண்ணீர் குறைச்சலாக இருக்காது, ரத்தக்குழாய்கள் தளர்ந்திருக்கலாம், இதயமே களைத்திருக்கலாம். அப்போதும் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில்தான் தேங்கும். நெஞ்சு டிரெயினில், அதாவது உள்ளே கசிவதை வெளியேற்ற வைத்த குழாயில், ஓடிக்கொண்டிருந்த ரத்தம் சட்டென்று நின்றாலும் எங்களுக்குப் பகீர் என்றிருக்கும், உள்ளே கட்டி நின்று இதயத்தை அமுக்குகிறதோ என்று.

நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது, "நேத்திலிருந்து எவ்வளவு உள்ளே போச்சு, எவ்வளவு வெளியே வந்துச்சு, யூரின் மணிக்கு எவ்வளவு சார்?" என்று கேளுங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும், கால்மாட்டுச் சார்ட்டில் எழுதியிருக்கும்.